கட்டடத்துக்கு எவ்வளவு ஆச்சு?

என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா முறை. 2012 ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி போன் பண்ணினாள்.

‘‘நாளைக்குப் பாப்பாவை காலேஜ்ல சேர்க்கணும்டா. நீ பி.காம் படிச்சவன். கூட வந்தா எனக்குத் தைரியமா இருக்கும்.’’

பி.காம் படித்தவனைப் பார்த்து ஒருவருக்குத் தைரியம் வருவது உலகத்தில் அபூர்வமாக நடக்கிற விஷயம். உடனே கிளம்பிவிட்டேன்.

கவுன்சலிங்கில் கிடைத்த இன்ஜினீயரிங் சீட். நிர்ணயித்த கட்டணம் எவ்வளவு என்று விசாரித்து, அதற்கு டி.டி. எடுத்து, மஞ்சள் பையில் பத்திரமாக வைத்திருந்தாள் அக்கா. கவுன்ட்டரில் இருந்த குமாஸ்தா அதை வாங்கிக்கொண்டு ரசீது போட்டார். அப்புறம் இன்னொரு காகிதத்தை நீட்டினார். கட்டட நிதி, 40,000 ரூபாய்.

‘‘திங்கட்கிழமை காலையில 10 மணிக்குள்ள கட்டிடுங்கம்மா. இல்லேன்னா ஃபைல் நகராது.’’

அந்தக் காகிதத்தில் ஏற்கெனவே அச்சாகியிருந்தது: ‘இந்தத் தொகையை நான் யாருடைய வற்புறுத்தலும் இன்றி, மனமுவந்து, கட்டட நிதிக்கு நன்கொடையாக அளிக்கிறேன்.’ கீழே கையெழுத்துக்கு இடம். அதாவது, திங்கட்கிழமை காலை 10 மணிக்குள் அக்காவின் மனம் உவந்தாக வேண்டும்!

‘‘எந்தக் கட்டடம் சார்?’’ என்றாள் அக்கா.

குமாஸ்தா ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருபது முப்பது தூண்கள், தலையில் கம்பிகளை நீட்டிக்கொண்டு நின்றன.

‘‘அது எப்ப முடியும்?’’

‘‘நாலஞ்சு வருஷம் ஆகும்.’’

‘‘அதுக்குள்ள இவ படிச்சு முடிச்சுப் போயிருவாளே சார்?’’

அந்த மனிதர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். ‘‘அம்மா, உங்க பொண்ணு உட்காரப் போற கிளாஸ் ரூம் யார் காசு? இவங்களுக்கு முன்னாடி படிச்ச பசங்களோட அப்பா அம்மா கொடுத்தது. அந்தப் பசங்க அதுல உட்காரலை. இவங்க உட்கார்றாங்க. நீங்க கொடுக்கறதுல அடுத்தவங்க உட்காருவாங்க. இப்படித்தானேம்மா உலகம் நடக்குது?’’

அக்காவிடம் பதில் இல்லை. பி.காம் படித்த என்னிடமும் இல்லை.

நீங்களே யோசித்துப் பாருங்கள். அவர் சொன்னதில் என்ன தப்பு? தென்னை வைத்தவன் தின்று சாவான், பனை வைத்தவன் பார்த்துச் சாவான் என்று நம் ஊரில் சொல்வார்கள். பனை வைக்கிறவனுக்குத் தெரியும், நுங்கு தனக்கில்லை என்று. இருந்தும் வைக்கிறான். யாரோ வைத்த பனையில் அவனும் நுங்கு சாப்பிட்டவன்தான். குமாஸ்தா சொன்னது பனங்கொட்டை நியாயம். அதை எதிர்த்துப் பேசினால் நாம்தான் சுயநலக்காரர்களாகத் தெரிவோம்.

ஆனாலும் எங்கேயோ உறுத்தியது. எங்கே என்று பிடிபட எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

பி.காம் முதல் வருஷத்தில் எங்களுக்கு அக்கவுன்டன்சி எடுத்த பேராசிரியர் முதல் நாளே சொன்ன விஷயம் இது: ‘‘ஃபேனுக்குக் கரன்ட் பில் கட்டினா செலவு. ஃபேனே வாங்கினா அது செலவு இல்லை, சொத்து.’’ கரன்ட் அன்றைக்கே தீர்ந்துபோகிறது. ஃபேன் பத்து வருஷம் சுற்றும். ஆகவே ஃபேனின் விலையை வாங்கிய வருஷத்தின் தலையில் கட்டக் கூடாது. பத்து வருஷத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போட வேண்டும். அதற்குத் தேய்மானம் என்று பெயர். யார் எவ்வளவு அனுபவிக்கிறாரோ அவர் அவ்வளவு சுமக்க வேண்டும் என்பதுதான் அதற்குள்ளே இருக்கும் தர்மம். அக்கவுன்டன்சிக்குள் தர்மம் இருக்கிறது என்று அப்போது தெரிந்திருந்தால் இன்னும் நாலு மார்க் சேர்த்து வாங்கியிருப்பேன்.

இதைக் கட்டடத்துக்குப் போட்டுப் பாருங்கள். சும்மா ஒரு கணக்கு, எண்கள் என் கற்பனை. கட்டடம் 10 கோடி ரூபாய். ஆயுள் 50 வருஷம். வருஷத்துக்குத் தேய்மானம் 20 லட்சம். படிக்கிறவர்கள் 1,000 பேர். தலைக்கு வருஷம் 2,000 ரூபாய். நாலு வருஷப் படிப்புக்கு 8,000. ஒரு மாணவி அந்தக் கட்டடத்தில் நியாயமாகத் தேய்த்தது அவ்வளவுதான்.

‘‘அப்ப 40,000 பகல் கொள்ளை’’ என்று நீங்கள் சொல்வதற்குள் ஒரு நிமிஷம். 10 கோடியை யார் முதலில் போடுவது? பேங்க் கடன் என்றால் 10 சதவிகித வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருஷ வட்டி மட்டும் ஒரு கோடி. தலைக்கு 10,000. தேய்மானத்தைவிட வட்டி ஐந்து மடங்கு! முதல் வருஷம் தேய்மானமும் வட்டியும் சேர்த்தால் 12,000. அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் என்றாலும், ஆரம்பத்தில் படிக்கிற பிள்ளைக்கு நாலு வருஷத்தில் 40,000 ரூபாயைச் சுலபமாகத் தாண்டிவிடும். குமாஸ்தா கேட்டதற்கும் இதற்கும் காசு விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

இந்த இடத்தில்தான் நான் ரொம்ப நாள் மாட்டிக்கொண்டு நின்றேன். தொகை சரிதான் என்றால் எனக்கு எது உறுத்துகிறது?

வட்டி என்பது என்ன? கையில் இருக்கிற காசை இன்றைக்கே செலவழிக்காமல் இன்னொருத்தரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம் இல்லையா, அந்தக் காத்திருப்புக்குக் கூலி. பேங்க் காத்திருந்தால் பேங்குக்குக் கூலி. சரி, இந்தக் கட்டடத்துக்காகக் காத்திருந்தது யார்?

அன்றைக்கு சனிக்கிழமை மதியம் ஆகிவிட்டது. பேங்க் மூடியாச்சு. திங்கட்கிழமை காலை 10 மணிக்குள் 40,000 ரூபாய் வேண்டும். அக்கா நேரே கடைத்தெருவுக்குப் போனாள். நாலு பவுன் சங்கிலியைக் கழற்றி அடகுக் கடையில் வைத்தாள். நூற்றுக்கு ரெண்டு வட்டி. மாசம் 800 ரூபாய்.

கடன் வாங்காமல் கட்டடம் கட்டுகிற வித்தை இதுதான். கடன் காணாமல் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. பேங்கில் கல்லூரியின் பெயரில் இருந்திருக்க வேண்டிய கடன், அடகுக் கடையில் அக்காவின் பெயரில் இருக்கிறது. காத்திருந்தவளும் அவள்தான், காத்திருந்ததற்குக் கூலி கொடுத்தவளும் அவள்தான். அடுத்த ஆண்டு விழாவுக்கு அக்காவோடு நானும் போயிருந்தேன். தாளாளர் மைக்கைப் பிடித்து, ‘‘ஒரு பைசா கடன் இல்லாமல் இந்தக் கட்டடத்தை எழுப்பிக்கொண்டிருக்கிறோம்’’ என்று சொன்னபோது நல்ல கைத்தட்டல். அக்காவும் தட்டினாள். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது.

அவர் பொய் சொல்லவில்லை. அவர் நோட்டில் கடன் கிடையாது.

‘செலவு’ என்று நாம் எதைச் சொல்கிறோம்? யாரோ நோட்டில் எழுதியதை. நோட்டு இல்லாதவர்கள் தலையில் விழுந்தது எதிலும் ஏறாது. சிமென்ட் ஏறும், கம்பி ஏறும், ஆர்க்கிடெக்ட் ஃபீஸ் ஏறும். அக்காவின் 800 ரூபாய் எங்கே ஏறும்?

கல்லூரி நடத்துகிறவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. 1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதி இன்ஜினீயரிங் கல்லூரிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டோம். கல்லூரிகள் வேண்டும், ஆனால் அரசாங்கத்திடம் காசு இல்லை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றோம். எனக்குத் தெரிந்த ஒரு தாளாளர் இருக்கிறார். சின்னக் கல்லூரி, பெரிய வாய்.

‘‘கட்டடம் வானத்துல இருந்தா சார் குதிக்கும்? நான் பேங்க்ல கடன் வாங்கினா இ.எம்.ஐ. அஞ்சாம் தேதி போயே ஆகணும். வாத்தியார் சம்பளம்? பதினஞ்சாம் தேதியும் கொடுக்கலாம், அடுத்த மாசமும் கொடுக்கலாம். பேங்க் நோட்டீஸ் அனுப்பும். வாத்தியார் அனுப்புவாரா?’’

தன் கட்சிக்காகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு மனிதர் என் கட்சிக்குப் பேசிவிட்டார். பெற்றோரிடமிருந்து எடுக்கவில்லை என்றால் அந்தப் பாரம் வாத்தியாரிடம் போகிறது. எங்கே நோட்டீஸ் அனுப்ப ஆள் இல்லையோ, அந்தப் பக்கம் பார்த்துத்தான் செலவு ஓடும். தண்ணீர் பள்ளத்தைத் தேடுகிற மாதிரி.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில் நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. அதனால்தான் அந்த ‘மனமுவந்து’. 2002-ல் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் சேர்ந்து உட்கார்ந்து டி.எம்.ஏ. பாய் வழக்கில் சொன்னார்கள்: தனியார் கல்வி நிறுவனம் வளர்ச்சிக்காக நியாயமான உபரி வைத்துக்கொள்ளலாம், கொள்ளை லாபம் கூடாது. நியாயமான உபரி எவ்வளவு, கொள்ளை எவ்வளவு என்பதற்கு அளவுகோல்? அதை வைத்துக்கொண்டு இன்னும் பல வழக்குகள் நடந்தன.

எனக்குப் பிடித்த தீர்ப்பு 2004-ல் வந்தது. டெல்லி தனியார் பள்ளிகளைப் பற்றியது, மாடர்ன் ஸ்கூல் வழக்கு என்பார்கள். கட்டடம் மாதிரியான மூலதனச் செலவைப் பிள்ளைகளின் கட்டணத்துக்குள் ஒரு அங்கமாகச் சேர்க்கக் கூடாது என்றது அந்தத் தீர்ப்பு. வளர்ச்சிக் கட்டணம் என்று தனியாக, கல்விக் கட்டணத்தில் 15 சதவிகிதம் வரை வாங்கலாம். ஆனால் அதற்கு முன் தேய்மானத்துக்கு ஈடான தொகையை ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். அதையும் ஏகமனதாகச் சொல்லவில்லை. மூன்று நீதிபதிகளில் ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. படித்தபோது எனக்கு எங்கள் பேராசிரியரின் ஃபேன் ஞாபகம் வந்தது.

வருமான வரி இன்னும் சுவாரசியம். ஒரு அறக்கட்டளை வரிவிலக்கு வேண்டுமென்றால் தன் வருமானத்தில் 85 சதவிகிதத்தையாவது தர்ம காரியத்துக்குச் செலவழித்துக் காட்ட வேண்டும். கல்லூரி நடத்துகிற அறக்கட்டளை கட்டடம் கட்டினால், அந்த வருஷ வருமானத்திலிருந்து கட்டியது முழுவதும் ‘செலவழித்தாச்சு’ கணக்கில் வந்துவிடும். சரி. ஆனால் அடுத்த வருஷத்திலிருந்து அதே கட்டடத்துக்குத் தேய்மானத்தையும் செலவாகக் காட்டினார்கள். ஒரே கட்டடம், ரெண்டு தடவை செலவு! தப்பு என்று வரித்துறை வழக்குப் போட்டது. கோர்ட்டுகள் பெரும்பாலும் அறக்கட்டளைகள் பக்கமே நின்றன. 2014 பட்ஜெட்டில்தான் சட்டத்தைத் திருத்தி இனிமேல் இது கிடையாது என்றார்கள். 2017-ல் உச்ச நீதிமன்றம், திருத்தத்துக்கு முந்தைய வருஷங்களுக்கு அது செல்லும் என்று முடித்துவைத்தது. சட்டப்படி சரிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பாருங்கள், நோட்டு வைத்திருப்பவர் ஒரு செங்கல்லை ரெண்டு தடவை எழுதலாம். நோட்டு இல்லாதவர் கொடுத்த சங்கிலியை ஒரு தடவைகூட எழுத இடமில்லை.

தனியார்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். ஐ.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் கட்டடம் என்றால் ஒரு காலத்தில் மத்திய அரசின் மானியம். 2017-ல் மத்திய அரசும் கனரா வங்கியும் சேர்ந்து ஹெஃபா என்று ஒரு நிதி நிறுவனத்தை ஆரம்பித்தன. கட்டடத்துக்கு இனி கடன். வட்டியை அரசு பார்த்துக்கொள்ளும். அசல்? 2018-ல் போட்ட திட்டப்படி, 2014-க்குப் பிறகு வந்த புது நிறுவனங்களுக்கு அசலையும் அரசே கட்டும். 2008-க்கு முந்தைய தொழில்நுட்ப நிறுவனங்கள் அசல் முழுவதையும் சொந்த வருமானத்திலிருந்து கட்ட வேண்டும். சொந்த வருமானம் என்றால் ஆராய்ச்சி ஒப்பந்தம், முன்னாள் மாணவர் நன்கொடை எல்லாம்தான். மாணவர் கட்டணமும்தான். அங்கே வட்டியாவது அரசாங்கத்தின் நோட்டில் இருக்கிறது, அக்காவுக்கு வாய்க்காத சௌகரியம்.

விருதுநகர் கதை தெரியுமா? 1889-ல் அங்கே ஷத்திரிய வித்தியாசாலை என்று ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். காமராஜர் படித்த பள்ளி. அதற்குப் பிடி அரிசி வசூல் என்று ஒரு ஏற்பாடு. உலையில் போட அரிசியை அளக்கும்போது வீட்டுப் பெண்கள் ஒரு பிடியை எடுத்துத் தனியாக வைத்துவிடுவார்கள். அதைச் சேர்த்து, விற்று, பள்ளிக்கூடம் நடந்தது.

குமாஸ்தாவின் நியாயத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. அரிசி கொடுத்த பல வீடுகளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையே இருந்திருக்காது. யார் பெற்ற பிள்ளையோ படித்தது. பனை வைத்தார்கள், பார்த்துச் செத்தார்கள். அப்படியென்றால் அக்காவின் 40,000-க்கும் அந்தப் பிடி அரிசிக்கும் என்ன வித்தியாசம்?

அந்தக் காலத்தில் எல்லாரும் மனமுவந்து கொடுத்தார்கள் என்று கதை விட மாட்டேன். ஊர்க் கட்டுப்பாடு என்று ஒன்று உண்டு. கொடுக்காத வீட்டைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசியிருப்பார்கள். இருந்தாலும் ஒரு பிடி என்பது அவரவர் கை அளவு. உலையில் அரிசி இருக்கிற நாளில் எடுத்த பிடி. அரிசி வாங்கக் கடன் வாங்கி அதில் ஒரு பிடி எடு என்று யாரும் சொல்லவில்லை. திங்கட்கிழமை 10 மணி இல்லை. கொடுத்தால்தான் உன் பிள்ளைக்கு பெஞ்ச் என்று யாரும் சமையல்கட்டு வாசலில் நிற்கவில்லை. அது என்ன என்று அவர்களுக்கும் தெரியும், வாங்கியவர்களுக்கும் தெரியும்: தர்மம்.

அக்காவிடம் வாங்கியது என்ன? கேட்டது கட்டணம் மாதிரி. எழுதியது நன்கொடை என்று. பயன்பட்டதோ வட்டியில்லாக் கடனாக, அதுவும் திருப்பித் தர வேண்டாத கடனாக. கட்டணம் என்றால் அவள் மகள் அனுபவிப்பதற்கு மட்டும்தான் கேட்கலாம். நன்கொடை என்றால் ‘முடியாது’ என்று சொல்லும் உரிமை அவளுக்கு உண்டு. கடன் என்றால் திருப்பித் தர வேண்டும். மூன்றில் எதையாவது ஒன்றைச் சொல்லிவிட்டு வாங்கியிருந்தால் எனக்குச் சண்டையே இல்லை. குமாஸ்தா பேசியது பனையைப் பற்றி. அவர் கையில் இருந்தது தவணை நோட்டீஸ்.

கட்டடச் செலவைப் பற்றிப் படிக்கப் போய் இன்னொன்று கண்ணில் பட்டது. அதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

கட்டுமானத் தொழிலாளர் நலனுக்காக 1996-ல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. கட்டடம் கட்டுகிறவர் கட்டுமானச் செலவில் ஒரு சதவிகிதத்தைத் தொழிலாளர் நல நிதிக்குக் கொடுக்க வேண்டும். நல்ல சட்டம். சரி, கட்டுமானச் செலவு என்றால் என்ன? அதற்கு 1998-ல் விதிகள் போட்டார்கள். கட்டுமானம் தொடர்பாக ஆகிற எல்லாச் செலவும் அதில் சேரும், இரண்டைத் தவிர. ஒன்று, நிலத்தின் விலை. இரண்டாவது, தொழிலாளிக்கோ அவர் குடும்பத்துக்கோ விபத்து இழப்பீட்டுச் சட்டப்படி கொடுக்கும் தொகை.

அதாவது, சாரத்திலிருந்து ஒருவர் விழுந்து இறந்துபோனால் அவர் மனைவிக்குக் கொடுத்த பணம், கட்டடச் செலவு இல்லை.

எழுதியவர்களின் எண்ணம் புரிகிறது. துக்க வீட்டுக்குக் கொடுத்த காசின்மேலும் ஒரு சதவிகிதம் வசூலிக்க வேண்டாமே என்ற நல்லெண்ணம்தான். 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்து அந்தப் பழைய சட்டமும் போய்விட்டது. ஆனாலும் அந்த வரியைப் படித்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. செங்கல் ஏற்றி வந்த லாரி கவிழ்ந்து செங்கல் உடைந்தால் அது கட்டுமானச் செலவு.

அந்தக் கல்லூரி வளாகத்தில் அன்றைக்கு அக்கா படிவம் நிரப்பிக்கொண்டிருந்தபோது நான் தூண்கள் பக்கம் நடந்துபோனேன். கலவை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ரெண்டு தூணுக்கு நடுவில் புடவையில் தூளி கட்டி ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சித்தாள் பெண் ஒருத்தி பாண்டைத் தலையில் வைத்துக்கொண்டு போகும்போது தூளியைக் காலால் ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போனாள். திரும்பி வரும்போது இன்னொரு ஆட்டு. அந்த ஓட்டத்திலேயே வேலையும் நடந்தது, தாலாட்டும் நடந்தது. ‘முன்னாடி இருந்தவங்க கொடுத்தாங்க, நீங்க உட்கார்றீங்க’ என்று குமாஸ்தா சொன்னாரே, அந்த ‘முன்னாடி இருந்தவங்க’ பட்டியலில் இந்தப் பெண் உண்டா? அவள் பிள்ளை உட்காருமா? பனை நியாயம் என்றால் அங்கேயும் போக வேண்டும் இல்லையா?

அப்புறம் அந்த வேலை ஒரு வருஷத்துக்கு மேல் நின்றுபோனது. என்ன காரணமோ. கம்பிகள் துருப்பிடித்து நின்றன. அக்கவுன்டன்சியில் ஒரு விதி இருக்கிறது. கட்டடம் கட்டி முடிகிற வரை அதற்காக வாங்கிய கடனின் வட்டியைக் கட்டடத்தின் விலையோடு சேர்த்து எழுதலாம். ஆனால் வேலை ரொம்ப நாள் நின்றுபோனால், நின்ற காலத்து வட்டியைச் சேர்க்கக் கூடாது. சும்மா கிடந்ததற்கு எல்லாம் கட்டடத்தின் மதிப்பு ஏறாது என்று அர்த்தம். நல்ல விதி. வேலை நின்ற மாசங்களிலும் அடகுக் கடைக்காரர் 800 ரூபாய் வாங்கத் தவறவில்லை.

2016-ல் பாப்பா படித்து முடித்தாள். மறு வருஷம் கட்டடம் திறந்தார்கள். வாசலில் கறுப்புக் கிரானைட்டில் நன்கொடையாளர்கள் பெயர்கள், ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்தவர்கள் மட்டும். பாப்பா ஏதோ சர்ட்டிஃபிகேட் வாங்கப் போனவள் உள்ளே எட்டிப் பார்க்கலாம் என்று போயிருக்கிறாள். வாட்ச்மேன் ஐ.டி. கார்டு கேட்டார். பழைய மாணவி என்று சொல்லிக் கெஞ்சி ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு வந்தாள்.

அன்றைக்கு நானும் அக்கா வீட்டில் இருந்தேன்.

‘‘எப்படிடி இருக்கு?’’ என்றாள் அக்கா.

‘‘சூப்பரா இருக்கும்மா. லிஃப்ட்கூட வெச்சிருக்காங்க. ஸ்டாஃபுக்கு மட்டும்.’’

‘‘ஃபேன் எல்லாம் நல்லா ஓடுதா?’’

‘‘ஓடுதும்மா.’’

அக்கா உள்ளே போய்ப் பால் கணக்கு நோட்டை எடுத்து வந்தாள். ‘‘நீ பி.காம்தானே, இதைச் சரியான்னு பாரு’’ என்று கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தாள். பேனா, பென்சில், ஒரு இடத்தில் கண் மையில்கூட எழுதியிருந்தாள். ஆகஸ்ட் 800, செப்டம்பர் 800, அக்டோபர் 800. நடுவில் ஒரு தீபாவளி மாசம் கட்ட முடியாமல் அடுத்த மாசம் 1,600. மொத்தம் 22 மாசம், 17,600 ரூபாய். அதற்குக் கீழே அசல் 40,000. கோடு போட்டுக் கூட்டியிருந்தாள்: 57,600.

கூட்டல் சரியாக இருந்தது. பக்கத்தின் மேலே தலைப்பும் எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள்: ‘காலேஜ் கட்டடம்’.